மணல் திட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஆற்றில் படகில் போய்ப் பறவை பார்ப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக் காயவைக்கிறது என்பதையெல்லாம் அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மணல் திட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் நாங்கள் 12 பேர் ஒரே படகில் போனோம். முதல் ஒரு மணி நேரம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. படகோட்டி என்ஜினை அணைத்துவிட்டு நீரோட்டத்தின் போக்கில் படகை விட்டார். கரையோர மரத்தில் வக்காக்கள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு பகல் தூக்கத்தில் இருந்தன. பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தியது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாகப் பாய்ந்தது. கரையில் நடந்து போயிருந்தால் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டோம். ஆள் நடந்து வந்தால் பறந்துவிடும் பறவைகள், சத்தமில்லாமல் மிதந்து வரும் படகுக்கு அவ்வளவாக மிரளுவதில்லை.

அப்புறம் மணல் திட்டு வந்தது. அதில் நிறைய ஆலாக்கள், அதாவது மணலில் கூடு வைக்கும் ஆற்றுப் பறவைகள். “இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்கண்ணே” என்று நாலைந்து பேர் கேட்டார்கள். படகோட்டி தயங்கினார். மறுபடி கேட்டதும் என்ஜினைப் போட்டுத் திட்டை ஒட்டிக் கொண்டுபோனார். மொத்தக் கூட்டமும் எழும்பி, தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. நல்ல படங்கள் கிடைத்தன. பத்து நிமிடம் அங்கேயே நின்றோம். நானும் வாய் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஆலாவுக்குக் கூடு என்றால் மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும், அருகில் போனாலும் தெரியாது. உச்சி வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது நிழல் கொடுக்கத்தான். வயிற்று இறகுகளை ஆற்றில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. அந்த நேரத்தில் அதை எழுப்பிவிட்டால் சுடுமணலில் கரு செத்துவிடலாம். காகமும் பருந்தும் காத்திருக்கும். என்ஜின் படகின் அலை போதும், தாழ்வான திட்டின் ஓரத்தில் இருக்கும் முட்டைகளை அடித்துக்கொண்டு போக.

படகோட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து ஏறியவர்கள் கேட்கும்போது அவரால் எப்படி மறுக்க முடியும்? பயணத்தை நடத்துபவர்தான் படகில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்: இனப்பெருக்கக் காலத்தில் திட்டுக்குப் பக்கத்தில் போக மாட்டோம், பறவைகள் எழும்பினால் உடனே விலகிவிடுவோம் என்று. தூரத்திலிருந்து பார்க்க, 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். ஆடும் படகில் 10 மடங்கு காட்டுவதைவிட அதுதான் கையில் நிலையாக நிற்கும்.

அடுத்த பயணத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுவதாக எங்கள் குழுவை அழைத்துப்போனவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படகுப் பயணம் பற்றி இனி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளிலும் இந்த இரண்டு வரியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி