மூணு மாசம் முடியட்டும் என்று டாக்டரிடம்கூடச் சொல்லாமல் இருக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து ரெண்டு கோடு தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் சொல்வது, ‘மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் வாயைத் திறக்காதே’ என்பதுதான். அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருக்கட்டும், சரி. நர்ஸிடமும் டாக்டரிடமும்கூடச் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கரு கலைவதில் பத்தில் எட்டு அந்த முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது, கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டால் அந்தக் குழாய் வெடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றார் மாமியார். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது: நாள் தள்ளியிருக்கிறது, ரெண்டு நாளாகக் கொஞ்சமாக ரத்தம் படுகிறது, அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்துகிறது, எழுந்தால் கண்ணை இருட்டுகிறது. உதடு வெளுத்திருந்தது. 108-ஐ வரவழைத்து அனுப்பினோம், குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும்போது வலி தோளில்தான் தெரியும். வெளியே கொஞ்சம்தானே படுகிறது என்று யாரும் பயப்படுவதில்லை, அங்கேதான் ஆபத்து. ஆபரேஷனும் ரத்தமும் நேரத்துக்குக் கிடைத்ததால் பிழைத்தாள். வெடிப்பதற்கு முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்தால் பலருக்கு கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலேயே சரிப்படுத்த முடியும். கிட்டில் ரெண்டு கோடு வந்துவிட்டால் கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆறு ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

ரத்தம் பட்டாலே கரு போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம், பட்ட பிறகும் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறைய. ஆனால் மணிக்கு ரெண்டு நாப்கின் நனைகிறது, அது ரெண்டு மணி நேரமாக நிற்கவில்லை என்றால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், மயக்கம் இருந்தாலும் அப்படித்தான், விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெகட்டிவ் குரூப் ரத்தம் என்றால் போனதும் அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த பிள்ளைக்கு ரத்தக் குரூப்பால் பாதிப்பு வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவை என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அப்புறம் அந்தப் பழி. பப்பாளி தின்றாள், பைக்கில் போனாள், மாடி ஏறினாள் என்று அழுதுகொண்டிருப்பவளையே கூண்டில் ஏற்றுகிறார்கள். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் சரியாக அமையாததால் கலைகிறவை. அவள் படுத்தே கிடந்திருந்தாலும் அது தங்கியிருக்காது. இதைக் கணவருக்கும் மாமியாருக்கும் எதிரிலேயே டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அதோடு, கரு கலைந்தவளைப் பிரசவ வார்டில் கைக்குழந்தைகளுக்கு நடுவே படுக்க வைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வேறு அறை இல்லையென்றால் ஓரமாக ஒரு கட்டிலும் திரையும் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கரு கலைந்தால் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள், இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கும் ஆறு வாரப் பணப்பலன் உண்டு. டாக்டர் சான்றிதழ் வேண்டும். மில்லிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்க்கிற பெண்கள் இது தெரியாமல் மறு வாரமே நின்றுகொண்டு வேலை செய்கிறார்கள்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் அன்றே இந்த அறிகுறிகளை வீட்டில் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், ராத்திரியில் கூப்பிட வேண்டிய நம்பரை அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்