செல்வத்தின் முதுகுக்குப் பின்னால்

தர்மபுரி
ஞாயிறு இரவு

டேய் கதிர்,

நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? சரி, கேட்டாயிற்று. பொங்கலுக்கு நீ கூப்பிட்டபோது "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்தவன் நான்தான். அந்த அப்புறம் ஆடியில்தான் வந்திருக்கிறது. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. போனில் சொல்லலாம் என்றால் நடுவில் நீ சிரிப்பாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் தாள்.

நான் சைக்கிள் ஓட்டுகிறேன். சிரித்தாயா? டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். நாலு ரோடு வரை நடப்பதற்குள் பத்துப் பேர் நிறுத்தி "என்ன சார், சுகரா?" என்கிறார்கள். சைக்கிளில் போகிறவனை யாரும் நிறுத்துவதில்லை. அப்படித்தான் ஆரம்பம். இப்போது ஞாயிறு தவறாமல் நான்கு பேர்: நான், பாய், பாயின் மருமகன், அப்புறம் நம்ம செல்வம்.

ஆமாம், செல்வமேதான். வாடகைச் சைக்கிளின் கேரியரை வளைத்துவிட்டு, "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று கடைக்காரரிடம் சாதித்தானே, அவனேதான். அன்றைக்கு அவனை டபுள்ஸ் ஏற்ற ஆள் கிடையாது. இன்றைக்கு அவன் பின்னால் ஒட்டிக்கொள்ள மூன்று பேரும் அடித்துக்கொள்கிறோம். ஏன் என்கிறாயா? காற்று. ஒகேனக்கல் இங்கிருந்து நேர் மேற்கே. ஆடிக்காற்றும் மேற்கேயிருந்துதான் வருகிறது. இண்டூர் தாண்டி வெட்டவெளி வந்ததும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அப்போது முன்னால் போகிறவனின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டால் பாதிக் காற்று அவனோடு போய்விடும். மிதிப்பது சட்டென்று லேசாகும், காதில் இரைச்சல்கூட அடங்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போகவேண்டும் என்பது மருமகன் போட்ட சட்டம். பாய் முன்னால் போனால் பின்னால் இருப்பவனுக்கு ஒரு லாபமும் இல்லை, அவர்தான் அகர்பத்தி மாதிரி இருக்கிறாரே. செல்வம் முன்னால் வந்தால் கோட்டைச் சுவர். "என் முறை முடிஞ்சுதுடா" என்று அவன் கத்துவான். எங்கள் மூவருக்கும் காது கேட்காது.

பஞ்சர் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு சின்ன ஊரில் என் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. கடையில் ஒரு பெரியவர். வால்வைப் பார்த்து, "என்னப்பா, ஊசி மாதிரி இருக்கு!" என்றார். அவர் பம்ப் அதற்குச் சேராது. நல்லவேளை, மருமகனிடம் பித்தளையில் ஒரு குட்டி மூடி இருந்தது, அதைத் திருகினால் அவர் பம்பும் சேரும். ஆனால் மற்ற வேலை எல்லாம் நாம் பார்த்த அதே வேலைதான். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கினார், குமிழ் வந்தது, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினார். நான் மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டு, டயரின் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். அரிசி நீளம்கூட இல்லாத ஒரு வேலிக்காத்தான் முள். "இதை விட்டா நாளைக்கும் என்கிட்டத்தான் வரணும்" என்றார். கேட்டது இருபது ரூபாய். பாய் ஐம்பதை நீட்டினார், பெரியவர் முறைத்தார்.

வீட்டில் என்ன நிலவரம் என்று கேட்பாய். அடியில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் இரண்டு மணி நேரம் அந்தச் சீட்டில் உட்கார முடியாது. அதைக் கொடியில் காயப் போட்டதிலிருந்து பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் மிகுந்த பரிவோடு பேசுகிறாராம். எனக்கு ஏதோ ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நினைப்பு.

இன்றைக்குக் காலை ஒகேனக்கல் வரை போனோம். 46 கிலோமீட்டர். திரும்பவும் அதே 46. பென்னாகரம் தாண்டினால் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகை இருக்கிறது, அதனால் நன்றாக விடிந்த பிறகுதான் மலை இறங்குவோம். இறக்கத்தில் மிதிக்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்தான் வலிக்கிறது. ஒரு வளைவில் பாய் தண்ணீர் குடிக்க நின்றார். அவர் முதுகுப் பையிலிருந்த கடலைமிட்டாயை ஒரு குரங்கு பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் விட்ட சாபத்தை எழுத முடியாது. கீழே காவிரி செங்கலைக் கரைத்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் வரத்து ஏறிவிட்டதாம், பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. வறுத்த மீனை மட்டும் தின்றுவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது காற்று முதுகில்தான். ஆனால் பாதை ஏற்றம். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், அதற்கு மேல் இறக்க கியர் இல்லை. மருமகனும் பாயும் மறைந்துவிட்டார்கள். நான் மூன்றாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன், தள்ளிக்கொண்டு போகலாம் என்று முடிவே செய்துவிட்டேன். முன்னால் போயிருந்த செல்வம் திரும்பி இறங்கி வந்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏறிய ஏற்றத்தை யாராவது இறங்குவார்களா? ஒன்றும் சொல்லவில்லை. "ஏறு" என்றான். பக்கத்திலேயே வந்தான்.

கதிர், மனைவி சரோஜா போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் அவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எத்தனை தடவை நேரில் போய் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்! காப்பி கொடுப்பான், கிரிக்கெட் பேசுவான். இன்றைக்கு அந்த ஏற்றத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மூச்சுக்கு இரண்டு சொல்லாகப் பேசினான். "இந்தக் கூத்தைப் பார்த்தா... அவ... சிரிச்சே... செத்திருப்பா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பான். அப்புறம் கடைசி ராத்திரி ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் சொன்னான். அதை அவன் வாயாலேயே நீ கேட்டுக்கொள்.

மேலே வந்து சேர நூறு கெஜம் இருக்கும்போது, "கதிர்... இன்னும்... கோபமாத்தான் இருக்கானா?" என்றான்.

மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துத் தப்பித்துவிட்டேன். பாதி நடிப்புதான்.

அந்தச் சீட்டுப் பண விவகாரத்தில் உன் பக்கம்தான் நியாயம், அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவனும் அதைத்தான் நினைக்கிறான் என்று நினைக்கிறேன். ஆனால் அவனாகக் கூப்பிடமாட்டான், உனக்குத் தெரியாதா?

ஆவணி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வா. மருமகனிடம் பழைய சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. மூட்டு வலி என்று ஆரம்பிக்காதே, சீட்டை அளவாக வைத்தால் மூட்டுக்கு அவ்வளவு பாரம் விழாது. அதற்கு ஒரு அளவு வேண்டும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் மேலே முட்டும்படி வைத்துக்கொள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உன் மனைவியை அளக்கச் சொல். எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் எனக்கு அனுப்பு. இண்டூர் வரைதான் கூட்டிப்போவேன், டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

செல்வத்திடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

உன்,
முருகேசன்

பி.கு.: கால்சட்டை நீயே வாங்கிக்கொண்டு வா. அதை மட்டும் இரவல் தர முடியாது.