தேவைக்குள் இருக்கும் ஆசை

அன்பு மகளுக்கு,

சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காய்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். தேவை, ஆசை என்று இரண்டு பட்டியல் போட்டும் பலனில்லை என்றாய். காரணம் இருக்கிறது கண்ணு. பெரும்பாலான செலவில் இரண்டும் கலந்தே இருக்கும். போன் தேவைதான். ஆனால் பேச, பணம் அனுப்ப, வழி பார்க்க எந்தப் போன் போதுமோ அதன் விலை வரைக்கும்தான் தேவை. மேலே கொடுப்பதெல்லாம் ஆசை. ஒவ்வொரு பெரிய செலவையும் இப்படிப் பிரித்து எழுது. "இது இல்லாவிட்டால் இந்த மாதம் எது நின்றுபோகும்?" என்று கேட்டால் கோடு எங்கே என்று தெரியும்.

அடுத்து, விலையை உழைப்பாக மாற்று. கைக்கு 30,000 வந்து, வேலைக்குப் போய்வரவே 6,000 போனால் மிச்சம் 24,000. போய்வரும் நேரமும் சேர்த்து நாளுக்கு 10 மணி, மாதம் 24 நாள் என்றால் 240 மணி. உன் ஒரு மணி நேரம் 100. அப்படியானால் 12,000 ரூபாய்ப் பொருள் உன்னுடைய 12 வேலைநாள். தவணைத் தொகையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதே. வட்டியோடு மொத்தத்தையும் வைத்துப் போடு. தவணை சிறிதாகத் தெரிவதால்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஆசைப்பட்டதைத் தேதியோடு எழுதி 30 நாள் விட்டுவை. "இன்று மட்டும் தள்ளுபடி" என்பது அந்த 30 நாளை உன்னிடமிருந்து பறிக்கத்தான். அதற்காக எல்லா ஆசையையும் அடக்காதே. அடக்கினால் ஒருநாள் மொத்தமாக உடையும். மாதம் ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத பணமாக ஒதுக்கிக்கொள்.

நேரமும் இப்படித்தான். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56, வேலை 60, சமையல், குளியல், துணி என்று நாளுக்கு 3 வீதம் 21. மீதி 31. தினம் 3 மணி நேரம் போனில் போனால் அதில் 21 காலி.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன்மா. சிக்கனம் என்று தூக்கத்திலும் பல்வலியிலும் கை வைக்காதே. இன்று அடைக்க வேண்டிய சொத்தைப் பல்லைத் தள்ளிப்போட்டால் நாளை வேர் சிகிச்சை வரை போகும், செலவும் பல மடங்காகும். பல் மருத்துவரிடம் இந்த வாரமே போய்விட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா