அச்சடிக்கும் முன் யாரிடமாவது கொடுத்துப் பார்த்தார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொருட்களோடு வரும் யூசர் மேனுவலில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் போடுவதெல்லாம் அரசின் வேலையா என்று ஒரு வாசகர் உங்கள் பக்கத்தில் கேட்டிருந்தார். நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். மேனுவலை ஒழுங்காக எழுதியிருந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பல வரவே வராது. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டு சொல்கிறேன்: சட்டம் வேண்டும். வரிக்கு வரி இப்படித்தான் எழுது என்கிற சட்டம் மட்டும் வேண்டாம்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. லாரியில் வரும்போது அது ஆடி அடிபடக் கூடாது என்று ஃபேக்டரியிலேயே பின்பக்கம் நீளமான போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். டிரான்சிட் போல்ட் என்போம். முதல் தடவை ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்றி, ஓட்டைகளைக் கூடவே வரும் பிளாஸ்டிக் மூடியால் அடைக்க வேண்டும். கழற்றாமல் ஓட்டினால், ஸ்பின் ஆரம்பித்ததும் மெஷின் தடதடவென்று அதிர்ந்து இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து வரும். பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடி வாங்கும். ‘வாங்கினதுமே ரிப்பேர்’ என்று கோபமாகக் கூப்பிடுவார்கள். போய்த் திருப்பிப் பார்த்தால் போல்ட் அப்படியே இருக்கும்.

மேனுவலில் இது இல்லையா என்றால், இருக்கிறது. மெஷின் மேல் ஏறாதீர்கள், பெட்ரோல் பட்ட துணியைப் போடாதீர்கள், ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள் என்று பக்கம் பக்கமாகப் போய், அப்புறம் எங்கோ ஒரு மூலையில், அதே பொடி எழுத்தில், அதே எச்சரிக்கை முக்கோணக் குறியோடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முக்கோணம் போட்டால் எதற்கு நின்று படிப்பது?

கம்பெனிக்காரர்கள் இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கை தரவில்லை என்று யாராவது வழக்குப் போட்டுவிட்டால் நஷ்ட ஈடு கட்ட வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்களில் இது பழைய கதை. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சரியாகப் பயன்படுத்தும் முறையைப் போதிய அளவு சொல்லாவிட்டால் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குப் பயந்து எழுதும் மேனுவல், வாங்கியவர் படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. நாளைக்கு நீதிபதி முன்னால் காட்டுவதற்காக எழுதப்படுகிறது. மேனுவலில் அரசு கை வைக்கக் கூடாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் கை ஏற்கெனவே அதில் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு வருகிறது, அவ்வளவுதான்.

உயிர் போகும் விஷயம் என்றால் நேராகவே சட்டம் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ரிமோட்டில் போடும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோக ஆரம்பித்துவிடும். பேட்டரியின் மின்சாரம் உடம்பின் ஈரத்தில் காரத்தை உண்டாக்குவதால் வரும் வினை இது. அமெரிக்காவில் 2022-இல் வந்த சட்டத்தின்படி, இந்த எச்சரிக்கை அட்டைப்பெட்டி மேலும் இருக்க வேண்டும், கூட வரும் மேனுவலிலும் இருக்க வேண்டும். இதனால் எந்தக் கம்பெனியும் திவாலானதாக நான் கேள்விப்படவில்லை.

மற்றதற்கெல்லாம் எனக்குப் பிடித்த வழி, மருந்துப் பெட்டிக்குள் வரும் விளக்கச் சீட்டுக்கு வைத்திருக்கும் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டை, அந்த மருந்தைச் சாப்பிடப்போகும் மாதிரியான ஆட்களிடம் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வேளை மருந்தைச் சாப்பிட மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், அவர்கள் சீட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, புரிந்துகொண்டு சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் சீட்டைத்தான் மாற்ற வேண்டும். வாஷிங் மெஷினுக்கும் இதையே கேட்கிறேன். மெஷினைப் பார்த்தே இராத சிலரிடம் மேனுவலையும் ஸ்பேனரையும் கொடுத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மேனுவல் பாஸ். என்ன எழுத வேண்டும் என்று எந்த அதிகாரியும் சொல்ல வேண்டியதில்லை. எப்படி எழுதலாம் என்பதற்கு 82079 என்ற எண்ணில் சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்தால் இன்னும் நாற்பது முக்கோணம்தான் கூடும்.

சின்னத் தயாரிப்பாளர்களுக்குச் செலவாகுமே என்பார்கள். பக்கத்துத் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு என்ன பெரிய செலவு?

எர்ரர் கோடு பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் நின்றுபோய் ஓர் எழுத்தும் எண்ணும் காட்டும். மேனுவலில் அதற்கு எதிரே ‘சர்வீஸ் சென்டரை அணுகவும்’ என்று இருக்கும். பாதி நேரம் அடைத்துக்கொண்ட டிரெயின் ஃபில்டர்தான் காரணம். கீழ் மூலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்துக் கழுவினால் சரியாகிவிடும். உடைமைக்காரருக்கே தெரிய வேண்டிய விஷயத்தை மறைத்து வைப்பதை நான் தொழில் ரகசியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது பல கம்பெனிகள் காகிதத்தையே நிறுத்திவிட்டு கியூஆர் கோடு ஒட்டி அனுப்புகின்றன. சில வருடம் கழித்து ஸ்கேன் செய்தால் பக்கமே இருக்காது. 2027 ஜனவரியில் அமலுக்கு வரும் ஐரோப்பிய இயந்திர விதிகளில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்: டிஜிட்டல் மேனுவல் தரலாம், ஆனால் வாங்கும்போது கேட்டால் காகிதத்தில் இலவசமாகத் தர வேண்டும்; இணையத்தில் போட்டதைக் குறைந்தது 10 வருடம் எடுக்கக் கூடாது. வீட்டு மெஷின் எதுவானாலும் எல்லா நாட்டிலும் இந்த விதி வேண்டும். கைமாறி வரும் பழைய மெஷின்களோடு மேனுவல் வந்து நான் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர்