ரீலோட் பண்ணினால் எல்லாம் மாறிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த, பைதான் என்ற கணினி மொழி பற்றிய குறிப்பைப் பார்த்தேன். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மொடியூலை, அதாவது கோட் எழுதிய ஒரு தனி பைலைத் திருத்தினால், பைதானோடு வரும் 'இம்ப்' மொடியூலில் உள்ள ரீலோடை, அதாவது பைலைத் திரும்ப ஓட்டும் கட்டளையைக் கூப்பிட்டால் போதும், எல்லா இடத்திலும் புதியது வந்துவிடும் என்று போட்டிருந்தீர்கள். அந்த 'இம்ப்' இப்போது இல்லவே இல்லை. 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ரீலோட் 'இம்போர்ட்லிப்' என்ற இன்னொரு மொடியூலில் இருக்கிறது, 2023இல் வந்த 3.12இல் 'இம்ப்'பையே தூக்கிவிட்டார்கள். ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் உங்கள் பக்கத்தைப் பார்த்து அப்படியே தட்டினால் முதல் வரியிலேயே எரர்தான். சரி, அது சின்னப் பிழை. 'எல்லா இடத்திலும்' என்றீர்களே, அதுதான் பெரிய பிழை, அதை நம்பி நான் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியில் தெரிந்த ஒருவரின் நெல் ஆலைக்கு ஒரு சின்ன பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்போக வெட்டு நேரம் நெல் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதனால் விலைகளை மட்டும் தனி மொடியூலாக வைத்து, புரோகிராமை மூடாமலே ரீலோட் பண்ண ஒரு பட்டனும் போட்டேன். ஒரு நாள் சம்பாவைக் கிலோ 120 ரூபாயிலிருந்து 123 ஆக்கிப் பட்டனை அமுக்கினால் திரையில் 123 என்று அழகாக வந்தது. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு ஐயா, 65 கிலோ மூடை 40 போட்டுவிட்டுத் துண்டை வாங்கிப் பார்த்தார். "திரையில ஒரு விலை, துண்டில ஒரு விலை, இதென்ன கணக்கு தம்பி?" பில்லில் பழைய 120. ஐயாவுக்கு 7,800 ரூபாய் குறைகிறது. நான் அந்த இடத்திலேயே வேர்த்துப் போனேன்.

நடந்தது இதுதான். ஒரு மொடியூலைப் புரோகிராமுக்குள் கொண்டுவரும் 'இம்போர்ட்' கட்டளை முதல் தடவை மட்டும்தான் பைலை வாசித்து ஓட்டும், பிறகு அந்த மொடியூலை 'சிஸ்.மொடியூல்ஸ்' என்ற டிக்‌ஷனரியில் (பெயரைச் சொன்னால் பொருளை எடுத்துத் தரும் பட்டியல்) போட்டு வைத்து, அடுத்த தடவை கேட்டால் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். திரைப் பகுதியில் நான் 'இம்போர்ட் விலை' என்று எழுதி ஒவ்வொரு தடவையும் 'விலை.சம்பா' என்று கேட்டிருந்தேன், அதனால் புதியது வந்தது. பில் பகுதியிலோ 'ஃப்ரம் விலை இம்போர்ட் சம்பா'. அப்படி எழுதினால் அந்த நேரத்து 120 பில்லின் சொந்தப் பெயராகிவிடும், அதற்குப் பிறகு விலை மொடியூலில் என்ன நடந்தாலும் பில்லுக்குக் கவலையில்லை.

அத்தோடு விட்டேனா, இல்லை. 'சிஸ்.மொடியூல்ஸ்'இலிருந்து விலையை அழித்துவிட்டுத் திரும்ப இம்போர்ட் பண்ணிப் பார்த்தேன். இன்னும் மோசம்! இப்போது ஒரே பெயரில் இரண்டு மொடியூல், பழையதைப் பிடித்திருப்பவன் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த மொடியூலில் 'நெல்' என்று ஒரு கிளாஸும், அதாவது பொருள்களை உருவாக்கும் அச்சும் வைத்திருந்தேன். முதல் மொடியூலின் அச்சில் உருவாக்கிய பொருளை இரண்டாவதின் 'நெல்' கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்டால் 'இல்லை' என்று சத்தியம் பண்ணுகிறது.

இன்னொன்று, இது என்னை ஒரு இரவு முழுக்க அலைக்கழித்தது. கீரிச்சம்பா வாங்குவதை நிறுத்தியதால் அந்த வரியை விலை பைலில் அழித்துவிட்டு ரீலோட் பண்ணினேன், பட்டியலில் கீரிச்சம்பா அசையாமல் இருந்தது. ரீலோட் பழைய மொடியூலின் பெயர்களைத் துடைப்பதில்லை, அதே இடத்தின் மேல் புதிய கோடை ஓட்டுகிறது, அவ்வளவுதான். அதே பெயர் திரும்ப வந்தால் மாறும், வராவிட்டால் பழையது அப்படியே கிடக்கும். இதெல்லாம் பைதானின் கோளாறு இல்லை, அதன் ஆவணத்திலேயே இப்படித்தான் என்று எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை, உங்கள் குறிப்பை எழுதியவரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை.

இப்போது விலைகள் பைதான் கோடிலேயே இல்லை, ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில் கிடக்கின்றன, ஒவ்வொரு பில்லுக்கும் புரோகிராம் அதைத் திறந்து வாசிக்கிறது. கோடையே திருத்தினால் புரோகிராமை மூடித் திறக்கிறேன், பத்து செக்கன் கூட ஆகாது.

அடுத்த கிழமைப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். என் ரியூசன் பிள்ளைகள் மூன்று பேர் அந்தக் குறிப்பை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ரியூசன் வாத்தியார் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.