வேலைக்குப் போவோருக்கும் இசை வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்குடி அருகே அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், வயது 46. இரவு சாப்பாடு முடிந்ததும் சந்தூர் பழகுகிறேன். பல கம்பிகளை மரக்கோலால் தட்டி வாசிக்கும் காஷ்மீரக் கருவி அது; இந்துஸ்தானி இசை மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர் சிவகுமார் சர்மா (1938–2022). நாகஸ்வரத்தில் ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு, தட்டியதும் தனித்தனியாக உதிரும் அதன் ஸ்வரங்கள் புதிது. மரக்கோலைக் கம்பியில் மெல்லத் துள்ளவிட்டால்தான் நாதம் நீள்கிறது. ஐப்பசி ஈரத்தில் சுருதி நிற்பதில்லை; அத்தனை கம்பிகளையும் கூட்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும்!

கைப்பேசிக் காணொலிதான் குரு. மணிக்கட்டு தவறினால் திருத்த ஆளில்லை. தஞ்சை, திருவாரூர் வட்டார இசைப் பள்ளிகள் எந்தக் கருவிக்கானாலும் இரவு ஏழு மணிக்குமேல் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். அறுவடை நாளில் விட்டுப்போன பாடத்தை மறுபடி சொல்லித்தரவும் வேண்டும்.

வாசகர், மன்னார்குடி