வாசிகசாலை ஆவண அறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம். வாசிகசாலைப் பின்னறையைத் திருத்தி, திருகோணமலைத் தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழக வளாக வாழ்வையும் காட்டும் பழைய படங்களையும் பத்திரங்களையும் அதில் சேர்க்கும் வேலை நிறைவடைந்துவிட்டது.

கட்டட வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒழுகிய ஓடுகள் மாற்றப்பட்டன. கரையானுக்கு மருந்து அடிக்கப்பட்டது. இரும்பு அலுமாரிகளைச் சுவரில் ஒட்டாமலும் நிலத்தில் படாமலும் வைத்திருக்கிறோம். கடற்கரை ஊர் என்பதால் ஈரம்தான் படங்களுக்கு முதல் எதிரி. பெட்டிகளுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பைகளை மாரி காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

சீனன்குடா மாவாலை, சீமெந்து ஆலை, புல்மோட்டை கனிய மணல் என எல்லா இடத்துப் படங்களும் வந்தன. ஆனாலும் கூடுதலாக வந்தவை கந்தளாய் சீனித் தொழிற்சாலையைச் சேர்ந்தவையே. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1960இல் எழுந்து 1993இல் மூடப்பட்ட ஆலை அது. சம்பளத் துண்டு, சிப்ட் பட்டியல், கரும்பு லொறிக்கு முன்னால் எடுத்த படம் என்று வீடு வீடாக வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு படத்தின் பின்னால், “நைட் சிப்ட் முடிந்து, மூத்தவள் பிறந்த அன்று” என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எந்த அரச கோப்பிலும் இது கிடைக்காது.

ஒட்டும் பசைத் தாள் அல்பங்கள்தான் பெரும் பாடு படுத்தின. மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல மெல்ல அறுத்து எடுத்தோம். வர மறுத்தவற்றைப் பலவந்தப்படுத்தாமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்தோம். வீட்டில் யாரும் செலோடேப் ஒட்டவோ லமினேட் செய்யவோ வேண்டாம். குறிப்பு எழுதினால் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

வளாகப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. அது 1993இல் ‘இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி’ என்ற பெயரில் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமானது. அந்த முதல் வருடங்களின் படங்கள் பல, 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளில் இருந்தன. இப்போது நம்மிடம் இருப்பவை வேறு ஊர்களுக்குப் போன நண்பர்கள் பத்திரமாக வைத்திருந்த பிரதிகள். கையால் எழுதிய நாடக அறிவித்தல், விடுதி முற்றத்தில் ஒரு பொங்கல் பானை, மர நிழலில் நிற்கும் ஒரு மாணவர் பட்ச். அந்த நண்பர்களுக்கு இந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

ஸ்கேன் செய்வதைவிடப் பெயர் கண்டுபிடிப்பதுதான் உண்மையான திருப்பணி என்பது குழுவின் கருத்து. ஸ்கேனை யாரும் செய்யலாம். இரண்டாம் வரிசையில் துவாயைத் தோளில் போட்டு நிற்பவர் யார் என்று சொல்ல, அவரோடு வேலை செய்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். மூத்தவர்கள் மேசையைச் சுற்றி இருந்து, “இவர் பொயிலர் பக்கம் நின்றவர்”, “இல்லை, அவர் தம்பி” என்று வாதாடித்தான் பல பெயர்கள் உறுதியாகின. உறுதியாகாத இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்; ஊகத்தைப் பெயராக எழுதவில்லை.

மூலப்படங்களைக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உரியவரின் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் காட்சிக்கு வைக்கப்படாது. மாணவிகளின் படங்களில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறோம். டிஜிட்டல் பிரதி மூன்று உண்டு, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது.

கணக்காய்வு செய்த வரவு செலவு விபரம் அறிவித்தல் பலகையில் போடப்பட்டுள்ளது. பெயர் தெரியாத படங்கள் ஞாயிறு காலையில் வாசிப்பு மேசையில் வைக்கப்படும். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள். சீனி ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.

ஆவண அறைத் திருப்பணிக் குழு